இரண்டாவது ரியா

செந்தூலில் கார் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடி.
அங்கேதான் எங்களைச் செய்தார்கள்.
கீழே கிளட்ச் பிளேட்டும் கிரீஸ் வாடையும்.
மேலே ஒரு நிலைக்கண்ணாடி, இரண்டு மின்விசிறி,
சிமெண்டுத் தரையில் சாக்குக்கட்டியால்
நாலு பெருக்கல் குறி.
நாலாவது குறி என்னுடையது.
எனக்கு முன்னால் வேறொருத்தியுடையது.

எட்வின் அண்ணன் விரல் மடக்கிச் சொன்னார்:
"சேட்டைக்காரி ஒருத்தி, கூச்சக்காரி ஒருத்தி,
இங்கிலீஷ் பேசுறவ ஒருத்தி,
அப்புறம் ரியா."
ரியா எப்படிப்பட்டவள் என்று
கடைசிவரை அவர் சொல்லவேயில்லை.

முதல் ரியா போனதற்குக் காரணம் மூன்று சொன்னார்கள்:
கல்யாணம், காய்ச்சல், கணக்குக் கேட்டாள்.
மூன்றாவதை மட்டும் மெதுவாக.

சுவரொட்டி மூவாயிரம் அச்சடித்தாகிவிட்டது.
அதனால் என் முடியை அவள் முடியாக வெட்டினார்கள்.
இடது கன்னத்தில் அவளுடைய மச்சத்தை
புருவப் பென்சிலால் தினமும் நானே வரைந்துகொண்டேன்.
பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண மண்டபத்தில்
வியர்வையில் அது தாடை வரை ஒழுகியது.
யாரும் கேட்கவில்லை.

வெள்ளி நிற பூட்ஸ்,
சௌக்கிட்டில் மொத்தமாக வாங்கியது,
எல்லாருக்கும் ஏழாம் நம்பர்.
என் கால் ஐந்து.
எங்கள் படம் வந்த பத்திரிகையைக் கசக்கி
முனையில் திணித்துக்கொண்டேன்.
அந்தப் படத்திலும் நான் இல்லை,
ஆகவே உறுத்தவில்லை.

குழுவின் பெயர் நியான் மல்லி.
வேன் கதவில் ஒட்டியிருந்த எழுத்தில்
நியானை மழை கொண்டுபோயிற்று.
கிள்ளான் சிக்னலில் ஒருவர் கண்ணாடியைத் தட்டி
கிலோ என்ன விலை என்றார்.
தவமலர் (சேட்டைக்காரி, உண்மையில் பயந்தாங்கொள்ளி)
அரைக் கிலோவாகத் தரமாட்டோம் என்றாள்.
அந்தப் பதினொரு மாதத்தில்
நாங்களே எழுதிய ஒரே வசனம் அது.

பாட்டு அவள் குரலில் பதிவானது.
நான் வாயசைப்பேன்.
இரண்டாவது சரணத்துக்கு முன்
அவள் ஒரு மூச்சு வாங்குவாள்,
ஏதோ சொல்ல வந்து வேண்டாமென்று விட்டதுபோல.
வெட்டியெடுக்க எட்வின் அண்ணனுக்கு நேரமில்லை.
வரிகளை இரண்டு நாளில் மனப்பாடம் செய்தேன்.
அந்த மூச்சு பிடிபட ஒரு மாதம்.

பிரிக்பீல்ட்ஸ் தீபாவளிச் சந்தை.
ஒரு பக்கம் முறுக்குக் கடை,
மறு பக்கம் போன் உறை விற்பவர்.
சிடி மாட்டிக்கொண்டது.
வா வா வா வா வா
ஒலிபெருக்கிப் பையன் மீ கோரேங் தாப்பாவ் வாங்கப் போயிருந்தான்.
நாலு பேரும் அதே காலை அதே பக்கம்
தூக்கித் தூக்கி வைத்தோம்.
பத்தொன்பது தடவை, எண்ணினேன்.
புது ஸ்டெப் என்று நினைத்துவிட்டார்கள்.
எங்களுக்கு விழுந்த பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

பிறகு யாரும் எதையும் அறிவிக்கவில்லை.
ஒரு திங்கட்கிழமை போனோம்,
மேல்மாடியில் டயர் அடுக்கியிருந்தது.
சாக்குக்கட்டிக் குறி தெரிகிறதா என்று
கூச்சக்காரிதான் ஒரு டயரை உருட்டிப் பார்த்தாள்.
எனக்கு அறுநூறு ரிங்கிட் பாக்கி.

பதினாறு வருடம் கழித்து, கெப்போங்கில்,
பஞ்சரான மைவியோடு உட்கார்ந்திருக்கிறேன்.
பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண்.
நான் வரைந்து வரைந்து பழகிய அதே இடத்தில்
அவளுக்கு மச்சம்.
கொஞ்சம் கீழேதான் வரைந்திருக்கிறேன்.

சொன்னேன்.
அவள் முதலில் என் காலைப் பார்த்தாள்.
"பூட்ஸ் கடிச்சிச்சா?"
"இல்ல, தொளதொளன்னு இருந்துச்சி."
"எனக்கு ரெண்டு விரல்ல நகமே போச்சிலா."

கடைப்பையன் வண்டி நம்பரைக் கூப்பிட்டான்.
அவளுடையது.
எழுந்தவள் திரும்பினாள்,
கணக்கைப் பற்றியோ, வேறு எதைப் பற்றியோ.
பேசுவதற்கு முன் ஒரு மூச்சு வாங்கினாள்.

நானும் வாய் திறந்தேன்.