நிகர எடை

பத்தாங் பெர்ஜுந்தைக்கு இப்போது வேறு பெயர்.
பலகையில் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் மாறவில்லை.
அங்கே செம்பனை ஆலையின் எடைமேடையில்
இருபத்தாறு வருடமாக நான் கிராணி.
குலைகளோடு லாரி ஏறும், ஓர் எண்.
கொட்டிவிட்டு வந்து ஏறும், இன்னோர் எண்.
பெரியதில் சிறியதைக் கழித்து
மிஞ்சுவதற்குத்தான் ஆலை காசு கொடுக்கும்.
லாரியின் எடைக்கு எவனும் கொடுப்பதில்லை.

இது பகலில்.

செவ்வாய் இரவுகளில் வீட்டு ஜெபக்கூட்டம்.
முடிவு ஜெபம் எப்போதும் எனக்கு.
"தாசையா அண்ணன் ஜெபிச்சா செவுரு அழும்"
என்று யாரோ ஒருமுறை சொன்னார்கள்.
கேட்காதவன் போல நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.
அன்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகும்போதே
வாக்கியங்களைச் சீவிச் சீவி வைப்பேன்.

அந்தச் செவ்வாய் ஆசீர் வீட்டில்.
குலை வெட்டுகிறவர். மனைவி பரிமளத்துக்குக்
கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை,
சீருடையோடுதான் பாயில் உட்கார்ந்திருந்தாள்.
தகரக் கூரையில் மழை.
மழையையும் மிஞ்சி நான் எழும்பினேன்.
வானாதி வானங்களில் தொடங்கி
புத்ராஜெயாவில் இறங்கி, தலைவர்களை ஆசீர்வதித்து,
கடல் கடந்த ஊழியங்களைத் தொட்டுத் திரும்பி
ஆமென் என்று கண் திறந்தபோது
பரிமளம் இல்லை.
கம்பெனி பஸ் எப்போது வந்தது,
அவள் எப்போது எழுந்து போனாள்,
எனக்குத் தெரியாது.
தட்டில் மீ கோரேங் ஒட்டிக் கிடந்தது.
கோப்பி ஆறிவிட்டது.

சாப்பாட்டுக்கு மகளை ஜெபிக்கச் சொன்னார் ஆசீர்.
எமீமா. ஆறு வயது.
ஒற்றைக் காலில் நின்றாள்.
ஒரு கண் மூடியிருந்தது,
இன்னொன்று தட்டிலிருந்த இறாலைக் காவல் காத்தது.

"ஏசப்பா, சாப்பாட்டுக்கு நன்றி.
என் சைக்கிள்ல காத்து இல்ல.
உங்களுக்கே தெரியும்.
ஆமென்."

எல்லாரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

உங்களுக்கே தெரியும்.
என் நாற்பது நிமிடத்தில் அது எங்கேயும் இல்லை.
புதிதாக மாற்றலாகி வந்த மேனேஜருக்குத்
தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறவன் போல
அவருக்கு அவர் உலகத்தை
நான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

இரவு தூக்கமில்லை.
இருட்டில் ஓர் எடைமேடை.
என் லாரி ஏறியது, முள் துள்ளியது.
கொட்டிவிட்டு மறுபடி ஏறியது.
சீட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை நான்.
பின்னால் அவள் நடந்தே வந்தாள்,
இரண்டு கையிலும் பழம்.
லாரியே இல்லை.

புதன், ஷிப்ட் முடிந்ததும்
பழைய கைப்பம்பைத் தேடி எடுத்தேன்.
வழியெல்லாம் மறுபடி சீவல்:
"பாப்பா, ஏசப்பாதான் என்னை அனுப்பினார்."
அடுத்த செவ்வாய் சாட்சியாகவும் சொல்லலாம்,
சுவர் இன்னொரு தடவை அழும்.
(இதை எழுதுவதிலும் கொஞ்சம் லாரி இருக்கிறது.
கழித்துக்கொள்ளுங்கள்.)

கால்வாய் ஓரம் சாய்ந்திருந்தது சைக்கிள்.
ரோஸ் நிறம், கிழிந்த கூடை.
வால்வு தாழ்வாக இருந்ததால்
ஆலைச் சிலுவாரோடு ஈர சிமெண்டில்
முழங்கால் போட வேண்டியதாயிற்று.
தொந்தி மடிந்தது. மூச்சு முட்டியது.
அவள் எதிரே குந்திக்கொண்டு
ஐஸ் கட்டியைச் சப்பியபடி
என்னைப் பார்க்கவில்லை,
டயரைப் பார்த்தாள்.
சீவி வைத்த வாக்கியத்தை எடுத்தேன்.
அதற்கு மூச்சு மிச்சமில்லை.
இருந்ததெல்லாம் பம்புக்குள் போய்விட்டது.

சக்கரம் மெல்ல நிமிர்ந்தது.
கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள்.
"கெட்டியா இருக்கு."

பிறகு, ரொம்ப நாளாக என்னை
எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள் போல,
சைக்கிளை உருட்டித் திருப்பி நிறுத்தினாள்.
"இப்ப பின் சக்கரம்."

முழங்காலை நகர்த்தினேன்.