புதன்கிழமையின் மூன்று நிமிடங்கள்

கடலூர் முதுநகரில் துறைமுக அலுவலகத்தின் உச்சியில்
நாற்பத்தாறு படி ஏறினால் ஓர் இரும்புக் கூண்டு.
நகராட்சி மின்பிரிவில் எனக்கு எழுதிக் கொடுத்த வேலை
தெருவிளக்கு. எழுதாமல் கொடுத்தது இது:
புதன்தோறும் பதினோரு மணிக்குக்
கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது.

சாவி என்றால் சாவியல்ல.
கிணற்று ராட்டினத்துக்குக் கைப்பிடி வைத்த மாதிரி.
நூற்றிருபது சுற்று.
சுற்றச் சுற்ற, குழிக்குள்ளிருந்து
எண்பது கிலோ இரும்பு வில்லைகள்
மனசில்லாமல் மேலே வரும்.
பிறகு ஏழு நாளும் விழத் துடிக்கும்.
ஒரேயடியாக விடமாட்டோம்.
பல் பல்லாக,
தண்டல்காரனுக்குத் தவணை கட்டுவதுபோல்
விழ விடுவோம்.

என் கையில் இருப்பது ஹெச்.எம்.டி.
அமிர்தகணேசன் விட்டுப்போனது.
அதற்குள் சுருள்வில்.
இரவு முறுக்கி வைத்தால் காலையில் துள்ளும்,
மறுநாள் மாலை காலை இழுத்து நடக்கும்.
ஆளும் அப்படித்தான்.
சம்பளத் தேதியில் ஒரு மனுஷன்,
இருபத்தைந்தாம் தேதி வேறொருவன்.
இரும்புக்கு அந்தக் குணமில்லை.
வியாழன் இழுத்த இழுப்பைத்தான் செவ்வாயும் இழுக்கும்.
நியாயமாகச் சொன்னால் செவ்வாய் கொஞ்சம் கூடுதல்:
இறங்க இறங்க
வடத்தின் கனமும் சேர்ந்துகொள்கிறதே.

அப்புறம் ஏன் பிந்துகிறது?
பதிவேட்டில் பதினோரு வருஷம்
ஒரே கையெழுத்து, ஒரே காரணம்:
"மூன்று நிமிடம் தாமதம். கடற்காற்று."
எனக்கு முன்னால் இருந்த ராயப்பன் எழுதியது.
அவர் பண்ருட்டிக்கு மாற்றலானார்.
நானும் இரண்டு வருஷம் எழுதினேன், கடற்காற்று.
சனிக்கிழமை முள்ளைத் திருத்துவேன்.
புதனன்று மறுபடி பிந்தும்.

சுற்றும்போது சத்தம் நிற்பது தெரியும்.
கனத்தை நான் தூக்கிக்கொண்டால்
சக்கரத்தை அப்போது யார் தள்ளுவது?
ஊசல் மட்டும் பழக்கதோஷத்தில் ஆடும்,
பல் நகராது.
பரிமாறுகிறவள் பந்தியில் உட்கார முடியுமா என்று
சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன ஐப்பசி. அடைமழை விட்ட மறுநாள்.
கைப்பிடி நுழையும் துளைக்கு ஒரு பித்தளை மூடி உண்டு.
எப்போதும் கட்டுக்கம்பியால் தூக்கிக் கட்டியிருக்கும்.
உப்பு தின்ற கம்பி அன்று அறுந்து
மூடி துளையில் விழுந்துகிடந்தது.
தள்ளினேன். நகரவில்லை.
கெட்ட வார்த்தை சொன்னேன். நகரவில்லை.
பக்கத்தில் பெயின்ட் அப்பிய ஒரு நெம்புகோல்.
என்ன எழவோ என்று அதை உயர்த்த
மூடி தானாக விலகியது.

முப்பதாவது சுற்றில்
பயத்தில் கை நின்றது.
டக். டக்.
நான் சுற்றும்போதே ஓடியிருக்கிறது.
எதையோ உடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.
டார்ச் அடித்துப் பார்த்தால்
நெம்புகோலின் மறுமுனையில்
கைக்குள் அடங்கும் ஒரு ஈயக்குண்டு,
சுண்டுவிரல்போல ஓர் ஆணியை வைத்து
பெரிய சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது.
எட்டு நிமிடம்தான் அதற்குத் தெம்பு.
சுற்றி முடித்துச் சற்றுநேரத்தில்
பல்லிலிருந்து நழுவி
சும்மா கிடந்தது.

இந்தச் சின்னதை எழுப்பாமல்
பெரியதைத் தொடாதே என்று
செய்தவன் எவனோ
துளையின் வாயை அடைத்து வைத்திருக்கிறான்.
ராயப்பனுக்கு அது ஒரு நெம்பு கூடுதல் வேலை.
கம்பி கட்டிவிட்டார்.

படியிறங்கும்போது லத்தீஃபா ஞாபகம்.
அமிர்தகணேசன் செத்து
கருணை அடிப்படை உத்தரவு வரும்வரை
பதினான்கு மாதம்
ஐஸ் கம்பெனியில் என்னை பில் எழுத வைத்தவள்.
உத்தரவு வந்தபின்
நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்றாவது புதன், டீக்கடையில்
மீன்கூடை இறக்கும் சிங்காரவேலு சொன்னார்:
"பதினொன்னேகால் சிதம்பரம் பஸ்ஸு
புதன்கிழமையானா முந்திக் கிளம்பிருவான், திமிர் புடிச்சவன்.
இப்ப ரெண்டு வாரமா கரெக்டா எடுக்குறான்.
யாரோ கம்ப்ளைன்ட் குடுத்துட்டாங்க."

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.
பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
இந்த வாரமும் ஒரு கோடு.