இரு பத்தி

இரவு பதினொன்று. மண்டபம்.
கச்சான் காற்றில் ஜன்னல் கொக்கி தட்டிக்கொண்டே இருக்கிறது.
படத்தை "இங்கே" வை என்று எழுதுகிறேன்.
சதுர அடைப்புக்குள் ஒற்றை எழுத்து,
பக்கத்தில் அதட்டலாய் ஓர் ஆச்சரியக்குறி.
தொகுத்துப் பார்த்தால்
நான்காம் படம்
மேற்கோள் பட்டியலையும் தாண்டிப் போய்
ஒதுங்கிக் கிடக்கிறது.

இதற்கு மிதவை என்று பெயர்.
வைத்தவர் வலை பார்த்தவராக இருக்கலாம்.

இந்த ஊரே இரு பத்தி.
ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல்,
நடுவில் விட்ட வெள்ளையில்
தார்ச்சாலை, தண்டவாளம், ஒரு டீக்கடை.
பத்தியின் அகலம் எட்டரை சென்டிமீட்டர்.
அதற்குள் அடக்கினால்
பாசிக்கு நடுவே சட்டத்தைப் பிடித்திருக்கும்
நம்புகனியின் கை
அரிசியளவு ஆகிவிடுகிறது.

"கை எதற்கு? வெட்டிவிடலாம்"
என்கிறார் இரண்டாம் மதிப்பாய்வாளர்.
வெட்டலாம்தான். நான்கு எண்கள்:
இடம், கீழ், வலம், மேல்.
இடத்தில் முப்பது புள்ளி குறைத்தேன்,
கட்டைவிரல் போயிற்று.
பாறை கிழிக்காமலிருக்க
பழைய சேலைக் கிழிசல் சுற்றிய விரல்.
எண்ணைப் பழையபடி பூஜ்யமாக்கினேன்.

நட்சத்திரக் குறி ஒன்று சேர்த்தால்
இரண்டு பத்திக்கும் குறுக்கே படம் நீளும்.
ஆனால் இந்தப் பக்கத்தில் இல்லை,
அடுத்ததன் உச்சியில், அதுவும் இடமிருந்தால்.
இடமில்லை.
நான்காவது நிற்க, அதன் முதுகில் ஐந்து, ஆறு, ஏழு.
பாம்பன் பாலம் தூக்குகிற நாளுக்கு
நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் விசைப்படகுகள்,
ஒன்றை ஒன்று முந்தக்கூடாது.
பக்கத்தைக் காலி செய் என்று கட்டளை போட்டேன்.
எல்லாம் ஒருசேரப் பாய்ந்து வந்தன.
பின்னால் பாதிப் பக்கம்
வற்றிய கடலாய் வெள்ளை.

கட்டளையை அழித்தேன்.
"கீழே உள்ள படத்தில்" என்ற சொற்களையும்.
"படம் 4" என்று மட்டும் எழுதி
பெயர்ச்சீட்டு ஒன்றைக் கட்டிவிட்டேன்.
எங்கே மிதந்தாலும்
எண் அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

மணி ஒன்றரை. போனில் நம்புகனியின் குரல்பதிவு,
நாலு மணிக்குத் தீவுக்குப் போகும் வள்ளத்துக்கு
அதற்குள் எழுந்துவிட்டாள் போல:
"எங் கை வந்துருச்சா, இல்லையா?"

வந்துருச்சு.
ஏழாம் பக்கம், மேலே, முழு அகலம்.
நாளைக்கு ஒரு வரி கூடினால்
எட்டுக்குப் போகும்.
அதை இப்போது சொல்லவில்லை.