ஓட்ஸ் களஞ்சியம்

இந்த ஜனவரியிலும் மழைதான்.
டிராம் நிறுத்தத்தில் குடையும் குடையும் இடித்துக்கொள்கின்றன.
பனி வரும், அடுத்த வாரம் வரும் என்கிறது வானொலி,
கடன் வாங்கியவன் தவணை சொல்வதைப்போல.

நான் சொல்வது ஐம்பத்தைந்தாம் வருடத்துப் பனி.
காயினு பக்கம், ஏரிக்கு வடகரையில் எங்கள் பண்ணை.
நவம்பர் கடைசியில் பெய்யத் தொடங்கியது
நிற்க மறந்துவிட்டது.
முதலில் வேலிக்கம்பி போயிற்று,
அப்புறம் வேலிக்கால்கள்,
அப்புறம் உருளைக்கிழங்குக் கிடங்கின் கூரை.
காலையில் கதவு திறக்காது.
அப்பா சன்னல் வழியே குதித்து
மண்வாரியால் எங்களைத் தோண்டி எடுப்பார்.
நாய் குரைத்தால்
அந்தக் குரைப்பு அதன் காலடியிலேயே விழுந்துவிடும்.

தாவெத்திப் பெரியப்பா வீட்டில்
இரண்டு நாளாகப் புகை இல்லை என்று
அம்மாதான் சொன்னாள்.
அப்பா பார்த்திருக்கமாட்டாரா?
பதினோரு வருடமாகத் தினமும் பார்த்தார்.
பேசத்தான் இல்லை.
நடுவில் ஒரு வாய்க்கால் தகராறு,
ஒன்றரை முழ அகலம்;
கோடையில் தவளைகூட ஓடிவராமலே தாண்டும்.

விறகு அடுக்கும்போதே போயிருக்கிறார்.
எந்த நாள் என்று தெரியாது.
பைபிளின் முதல் பக்கத்தில்
மாதத்தை மட்டும் எழுதினாள் அம்மா.

தேவாலயம் தென்கரையில்.
ஏரி உறைந்துதான் இருந்தது, ஆனாலும் நம்பமுடியாது.
பனி கனத்துவிட்டால் ஏரிக்குக் கம்பளி போர்த்திய கதைதான்,
அடியில் கட்டி இறுகாது,
குதிரை இறங்கினால் திரும்பாது.
ஆகவே பெரியப்பா காத்திருந்தார்:
எங்கள் ஓட்ஸ் களஞ்சியத்தில்,
இரண்டு பெஞ்சுமேல் பலகைப்பெட்டியில்,
எலிக்குக் காவலாக உள்ளே ஒரு பூனையோடு.

குதிரைக்கு ஓட்ஸ் அள்ளிவருவது அதுவரை என் வேலை.
மறுநாளே வாளியை அப்பா வாங்கிக்கொண்டார்.
பயந்துவிடுவேன் என்று நினைத்தாராம்.

ஒருநாள் பின்னாலேயே போனேன்.
பனியில் அவர் மிதித்த குழிகளிலேயே
காலை வைத்து வைத்து.
கதவிடுக்கில் விளக்கு.
அழுகை என்று நினைத்தீர்களானால், இல்லை.
கணக்கு ஒப்பிப்பதுபோலத்தான் பேசிக்கொண்டிருந்தார்.
உன் பசு எங்கள் தொழுவத்தில் இருக்கிறது.
பால் குறைத்துவிட்டது, உன் பிடிவாதம் அதற்கும்.
உன் விறகில் பாதி ஈரம்,
யாராவது அக்டோபரில் வெட்டுவார்களா?
பிறகு கொஞ்சம் நிறுத்தினார்,
எதிராளிக்கு முறை விடுவதுபோல.
பிறகு, வாய்க்கால் எங்கே ஓடுகிறதென்று
எனக்கே தெரியவில்லை தாவெத்தி, போய்ப் பார்த்தேன்,
எல்லாம் ஒரே வெள்ளை.

நான் திரும்பி ஓடவில்லை.
குளிரில் மூக்குமயிர் விறைக்க நின்றேன்.
பூனை மட்டும் வெளியே வந்து
என்னை யாரோபோல் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.

மார்ச்சில் பகல் வெயிலும் இராக்குளிரும் மாறிமாறித் தட்டி
பனியின் மேல்தோல் இறுகியது.
அதன்மேல் சறுக்குவண்டி கட்டி
ஏரியைச் சுற்றிக் காட்டுவழியாகக் கொண்டுபோனார்கள்.
போதகர் சீக்கிரம் முடித்துவிட்டார், அவருக்குச் சளி.
மே மாதம் வாய்க்கால் வெளியே வந்தது,
ஒன்றும் நடக்காததுபோல், தண்ணீரோடு.
அப்பா தூர்வாரினார்.
இரண்டு கரையையும்.

போன வாரம் தங்கை ஆவுனெயிடம் இதைச் சொன்னேன்.
தொலைபேசியில் சிரிக்கிறாள்:
அவ்வளவு பனியெல்லாம் பெய்யவில்லை,
நீ அப்போது குட்டை.
அப்பா யாரோடு பேசினார், அதுவும் அப்பா?

இருக்கலாம்.
வேலிக்கால் உயரத்தை நான் சத்தியம் செய்யமுடியாது.
ஆனால் அந்தக் குளிர்காலத்தில்
ஒருநாளைக்கு மூன்று வேளை, நான்கு வேளை ஓட்ஸ் தின்று
லீனு கொழுத்துப்போனது எனக்குத் தெரியும்.
அதன் வயிற்றுவாரை
இரண்டு துளை தள்ளிப் போட்டவன் நான்தான்.