இதர வகை

எனக்குக் கால்பந்து பிடிக்காது.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
மண் அள்ளும் எந்திரம் ஓட்டுபவள் நான்.
ரூர் ஆற்றுக்கு வடக்கே ஹாலர்பெக் மைதானம்,
இடித்துத் தள்ளப் பதினோரு வாரக் குத்தகை.

பிரித்துக் கொட்டச் சொன்னார்கள்:
செங்கல்லுக்கு ஒரு தொட்டி, இரும்புக்கு, மரத்துக்கு.
மிச்சமெல்லாம் ‘இதர வகை’.

மேலே பச்சை பிளாஸ்டிக் இருக்கைகள்.
212-ன் முதுகில் எவனோ கத்தியால் கீறியிருந்தான்:
ஸில்கே, மன்னித்துவிடு.
அதன்கீழ் கான்கிரீட்.
அதன்கீழ் நிலக்கரிச் சாம்பல்;
சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து குளிக்காமல் ஓடிவந்தவர்கள்
நின்று நின்றே இறுக்கிய சாம்பல்.
இரும்புப் பல்லுக்கே இளகவில்லை.

அதற்கும் கீழே ஊர் இருந்தது.

மைதானத்துக்கு அடியில் ஊரா என்று கேட்காதீர்கள்.
குண்டு விழுந்து தெருத்தெருவாகச் சரிந்ததை
வண்டியில் ஏற்றி,
குதிரை கிடைக்காத நாளில் பெண்களே இழுத்துவந்து கொட்டி,
சரிவாக்கி, படியாக்கி,
நாற்பத்தேழில் அதன்மேல் நின்று ஆட்டம் பார்த்திருக்கிறார்கள்.
யாருடைய அடுப்படி மேலோ யாரோ.
நீலப்பூ போட்ட ஓடு. கதவுக் குமிழ்.
பியானோவின் ஒரே ஒரு கறுப்புக் கட்டை.
இதர வகை.

ஒரு எனாமல் பலகையும் வந்தது.
கழகத்தின் நிர்வாகிகள், 1926.
நான்கு பெயர்களை ஆணியால் சுரண்டியிருந்தார்கள், பொறுமையாக.
ஒன்றின் எதிரே ‘பொருளாளர்’ மட்டும் தப்பியிருந்தது.
மேற்பார்வையாளர் ப்ரோய்கரிடம் காட்டினேன்.
எந்தத் தொட்டி என்று அவருக்கும் தெரியவில்லை.

ஐந்தாவது வாரம், செவ்வாய்.
வடக்கு வளைவில் பல் எதிலோ பட்டு
மணி அடித்ததுபோல் ஒரு சத்தம்.
அணைத்தேன். இறங்கினேன். நடந்தேன்.
ஓடக்கூடாது என்பது பயிற்சி.

சாயங்காலத்துக்குள் நாலாயிரம் பேரை வெளியேற்றினார்கள்.
பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் பட்டாணி சூப்.
“இருநூற்றைம்பது கிலோ, பற்றவைப்பான் அப்படியே இருக்கிறதாம்.”
வீசோரெக் என்பவர் கரண்டியைக் கீழே வைத்தார்.
“வடக்கு வளைவா? அறுபத்தொன்றில் நாங்கள் நின்ற இடம்.
கோல் விழுந்தால் ஆறாயிரம் பேர் ஒன்றாகக் குதிப்போமே.”
பேக்கரி நுர்ஜிஹான் ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னாள்:
“நல்லவேளை, நம் பையன்கள் அவ்வளவாகக் கோல் போடவில்லை.”
கூடமே சிரித்தது.
சிரித்து முடித்தபின்
பலர் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரவு ஒன்றரைக்குச் செயலிழக்க வைத்து எடுத்துப்போனார்கள்.

காலையில் வந்தேன்.
வளைவில் ஒரு குழி, குழிக்குள் கொஞ்சம் தண்ணீர்.
எனாமல் பலகை என் இருக்கைக்குப் பின்னால்தான் இருக்கிறது,
இன்னும் எந்தத் தொட்டியிலும் சேராமல்.
வேலை தொடங்கும் விசிலுக்கு நாலு நிமிடம்.
சுற்றிலும் யாருமில்லை.
தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு
ஒருமுறை குதித்துப் பார்த்தேன்.