முப்பத்தொன்பது பாகை

மாங்குளத்தில் விடியமுன் அறுத்தது.
மீன்பெட்டி ஐசுக்குள் சதையியை வைத்து
மோட்டார்சைக்கிளில் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்தான் யூட்சன்.
ஆய்வுகூடம் முழுக்கப் பாரை மணம்.

காதுத்தகடு பதினாலு.
நூற்றிருபது நாள் சோளம், தவிடு, எள்ளுப் புண்ணாக்கு;
வைக்கோல் பேருக்கு ஒரு பிடி.
முதல் மூன்று கிழமையும் சுண்டால் அளந்து
மெல்ல மெல்லக் கூட்டினார் கனகேந்திரம்.
"ஒரேயடியாக் குடுத்தா வயிறு புளிச்சு விழுந்திடும், பிள்ளை."
தெரியும்.
முகாமில் முதல்நாள் சோற்றுப் பொதியை
முழுதாய்த் தின்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

அரைத்து, வடித்து, மாப்பொருட் கரைசலில் விட்டு
வெந்நீர்த் தொட்டியில் இறக்குகிறேன்.
முப்பத்தொன்பது பாகை, மாட்டின் உட்சூடு.
அரை நிமிடத்துக்கு ஒரு துளி
வெள்ளைப் பீங்கானில், அயடீனின் மேல்.

நீலம்.
நீலம்.
நாவற்பழக் கறை.
பிறகு பிளேன்ரீ நிறமாய் மங்கி
நாலாம் நிமிடத்தில் வெறும் அயடீன் மஞ்சள்.
புல்லு மேய்ந்த மாட்டுக்கு ஒன்பது எடுத்தது.

மாடு போய் ஆறு மணித்தியாலம்.
நொதியத்துக்கு யாரும் சொல்லவில்லை.
இன்னும் சோளம் வருமென்று
வெட்டிக்கொண்டே இருக்கிறது.

'செயற்பாடு' என்ற நிரலில் எண்ணை எழுதி
பேனையை மூடமுன் கனகேந்திரத்தின் அழைப்பு.
பதினாலு எப்பிடிச் செய்தது என்று கேட்கிறார்,
சோதினை எழுதின பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோல்.

"நல்லாச் சமிச்சிருக்கு, ஐயா."

அங்கால் ஒரு மூச்சு.
பக்கத்துக் கட்டையில் நிற்கிற பதினைஞ்சு
காலமை தொடக்கம் தீனில வாய் வைக்கேல்லையாம்.