இரண்டாம் வயலின்

தரங்கம்பாடியில் அன்று கேட்க வந்தவர்கள் பதினொரு பேர்,
ஜெனரேட்டர்க்காரரையும் சேர்த்து.
கடல்காற்று கலியபெருமாளின் தாளைப் புரட்டிவிட்டது,
இரண்டு பக்கம் ஒருசேர.
வியோலா எங்கோ போய்விட்டு வந்து
எங்கள் நடுவில் விழுந்தது.
நீலாயதாட்சி திரும்பிப் பார்க்கவில்லை.
முதல் வயலின்கள் திரும்புவதில்லை.
நான்தான் வில்லைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்து
அவர் ஏறிக்கொள்ள இடம் விட்டேன்,
படியில் தொங்குகிறவருக்கு
உள்ளே நிற்பவர் அரையடி நகர்வதுபோல.

பத்தொன்பது வருஷமாக இதுதான் வேலை.

சம்பளம் தருகிற வேலை வேறு.
மயிலாடுதுறை இசைப்பள்ளி, காலை ஒன்பது மணி,
கோரைப்பாய், சம்மணம்,
கணுக்காலில் வயலினின் சுருள் தலை,
சரளி வரிசை.
மாலையில் அதே வயலின்
நாற்காலியில், மோவாய்க்கு அடியில்.
காலையில் தந்தியை இறக்குவேன், மாலையில் ஏற்றுவேன்.
அறுந்த தந்திகளைச் சேர்த்தால்
கொடி கட்டித் துணி காயப்போடலாம்.
ஐப்பசியில் பிருடை வழுக்கும்,
சித்திரையில் பிடிவாதம் பிடிக்கும்.
கரும்பலகையில் எழுதியதைவிட
பிருடைக்குப் பூசிய சாக்பீஸ் அதிகம்.

"எமல்டா மிஸ், உங்க சொந்த சுருதி எது?"
ஒரு பிள்ளை கேட்டது.
மணி என்ன என்று பார்த்துவிட்டுச் சொன்னேன்.

நாங்கள் நால்வரும் சேர்வதே பெரும்பாடு.
கலியபெருமாள் பொதுப்பணித்துறை லஸ்கர்.
ஷட்டர் ஏற்ற வேண்டிய இரவுகளில் ஒத்திகை கிடையாது.
மேட்டூர் திறந்தால்
எங்களுக்கு வியோலா மூடிவிடும்.
ஞானாதிக்கம் செல்லோவுக்கும் சேர்த்து
டிக்கெட் எடுத்துப் பொறையாறு பஸ்ஸில் வருவார்.
"உக்காந்து வர்றவருக்கு அரை டிக்கெட் கிடையாது" என்பார்
எல்லாக் கண்டக்டரும், ஒரே சிரிப்போடு.

பதினொரு பேரில் ஒருவர் என் மாணவர்,
குத்தாலத்தில் உரக்கடை வைத்திருக்கும் அம்பலவாணன்.
நாற்பத்தைந்து வயதில் ஜண்டை வரிசைக்கு வந்தவர்.
மறுநாள் காலை பாயில் உட்கார்ந்தபடி சொன்னார்:
"எல்லாம் கேட்டுது மிஸ்,
உங்களது மட்டும் தனியாக் கேக்கலை."
நல்லதுதான் என்றேன்.
அன்று முழுக்க யாரையாவது திட்டிக்கொண்டே இருந்தேன்.

பிறகு மகளின் பிரசவத்துக்கு
நீலாயதாட்சி மஸ்கட் போனாள், மூன்று மாதம்.
அவள் நாற்காலி எனக்கு.
என் நாற்காலியில் ரெஜினா,
ஏழு வருஷம் முன்னால் என்னிடம் படித்தவள்.
மெட்டு முழுக்க என் விரலில் இருந்தது.
முதல் வாரம் ஊரே என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது;
பார்த்தது ஞானாதிக்கம் மட்டும்,
அவரும் என் வேகத்துக்குப் பயந்துதான்.
வீட்டில் கண்ணாடி முன்னால்கூட வாசித்துப் பார்த்தேன்,
சொன்னால் வெட்கம்.

மூன்றாவது வாரம், அதே தரங்கம்பாடி, அதே காற்று.
மெதுவான பகுதியில்
நான் வழக்கமாக ஒரு சுரத்தை
எட்டு எண்ணிக்கை பிடித்து நிற்கும் இடம்.
அங்கே காலுக்கடியில் ஒன்றுமில்லாததுபோல் இருந்தது.
ரெஜினா தூங்கிவிட்டாளா?
தாளைத் தவறவிட்டாளா?
திரும்பிப் பார்த்தேன்.

வாசித்துக்கொண்டிருந்தாள்.
வில் சீராக, நான் சொல்லிக்கொடுத்த அதே கைமடிப்பில்,
கண்ணை என் தோளில் வைத்துக்கொண்டு,
நான் விழுந்தால் பிடிக்க.
எவ்வளவு நேரமாக அப்படிப் பார்த்தாளோ.

திரும்பியதில் என் சுரம் ஒன்று பிசகியது.
கலியபெருமாள் புருவம் தூக்கினார்.
ரெஜினா எட்டைப் பத்தாக நீட்டினாள்.
ஏறிக்கொண்டேன்.

முடிந்ததும் அம்பலவாணன் வந்தார்,
கையில் எல்லோருக்கும் கடலைப் பொட்டலம்.
"இன்னிக்கு நீங்க நல்லாவே கேட்டீங்க மிஸ்.
ஒரு இடத்துல."
எந்த இடம் என்று இருவருமே சொல்லவில்லை.

பஸ்ஸில் மடியில் பெட்டியைத் திறந்து
மேல் தந்தியை இறக்கினேன், நாளைக் காலைக்காக.
இரைச்சலில் சுருதி பிடிபடவில்லை.
பக்கத்தில் ரெஜினா
வாய்க்குள் ஒரு பஞ்சமம் முனகினாள்,
கடலையை மென்றுகொண்டே.
அதைப் பிடித்துச் சேர்த்தேன்.